ஒன்பதாம் வகுப்பும் என் கடைச் சால்னாவும்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது அந்தப் பள்ளிக்கூடம்தான். இப்படி ஒருவனைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டுவிட்டதே. புளியறையில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன். பிறகு மாவு பிசைந்தேன். பிறகு கல்லுக்குப் பின்னால் நின்று பரோட்டா போட்டேன். இன்றைக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரே நேரத்தில் நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பரோட்டாக் கடை என்னுடையது. சீசன் நேரத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவனின் பசி சாதாரணப் பசி இல்லை. அந்தப் பசியைச் சமாளிக்க எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

ஒருவனை வேலைக்கு எடுக்கும்போது நான் கேள்வியே கேட்க மாட்டேன். மாவைக் கையில் கொடுப்பேன். அவன் வீசுகிற வீச்சிலேயே அவன் எத்தனை கடையில் நின்றவன், என்னிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறான் என்பது தெரிந்துவிடும். அதுதான் பரீட்சை. நாலு விடையை எழுதிப் போட்டு, இதில் எது சரி, தொடு பார்ப்போம் என்பதெல்லாம் பரீட்சையா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நாலில் ஒரு தடவை சரியாகிவிடும். அப்படி ஒருவனைக் கல்லில் நிறுத்தினால் நாலில் மூன்று பரோட்டா கருகும்.

இப்படிப்பட்ட என்னை ஒரு காகித அட்டையும் ஒரு கைபேசியும் சேர்ந்து ஊர் பார்க்க முட்டாளாக்கின. அங்கேயிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

என் மகள் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். மருமகன் சவூதியில் இருக்கிறான். அவள் எங்களோடு இருக்கிறாள். நாலு வருடமாகத் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில், ஜூனில் சொல்கிறோம் என்பார்கள். ஜூனில், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். தாளாளரிடம் நான் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க பேசி வாங்கித் தந்தா, அந்த வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன் வாப்பா.” என் பிள்ளை அல்லவா, அப்படித்தான் இருப்பாள். அதனால் பேசாமல் இருந்தேன். வாயால்தான் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசை முழுக்க வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புக் கட்டம் கட்டமாக ஏதோ அச்சடித்திருந்தது.

“இது என்னட்டி, துட்டு அனுப்புத அட்டையா? நம்ம கல்லாவுல ஒட்டியிருக்க மாதிரி இருக்கு.”

“இல்ல வாப்பா. இது பிள்ளைங்க பதில் சொல்லுத அட்டை. ஆளுக்கு ஒண்ணு, நம்பர் போட்டிருக்கு. நாலு பக்கமும் ஏ, பி, சி, டின்னு பொடி எழுத்து இருக்கு பாருங்க. எது சரின்னு நினைக்குதுங்களோ அந்த எழுத்து மேல வாரமாதிரி தூக்கிப் பிடிக்கணும். நான் போனை ஒரு சுத்து காட்டுனா போதும். யாரு என்ன சொன்னாங்கன்னு அது படிச்சிரும்.”

“வாயால சொன்னா என்ன? வாய் பரோட்டா திங்க மட்டுமா இருக்கு?”

“வாயால கேட்டா நாலு பேருதான் சொல்லுதாங்க. மிச்சம் உள்ளதெல்லாம் டெஸ்க்கைப் பாத்துட்டு இருக்குதுங்க.”

“குனியுதவனை எழுப்பி நிறுத்திக் கேளு.”

“உங்க கடையில செய்யுதீங்களே, அந்த மாதிரியா?”

“ஆமா. என் கடை ஓடுதுல்லா?”

அட்டைகளை நம்பர் வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் நாள். டீச்சர்கள் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பெற்றோரை உட்கார வைத்தே காட்டுவார்களாம். எங்களுக்கு அந்தப் பள்ளியில் பேரன் பேத்தி யாரும் கிடையாது; ஆனாலும் மகள் கூப்பிட்டாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் பெரியவர்கள் மட்டும் அறுபது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் என் கடையில் சாப்பிட்டவர்கள். வணக்கம் வைத்தார்கள், சலாம் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். எனக்குப் பதினேழாம் நம்பர்.

மகள் கேள்வியைச் சுவரில் இருந்த டிவி மாதிரியான பலகையில் போட்டாள். எனக்காகவே போட்டிருக்கிறாள் என்று படித்ததுமே தெரிந்தது: மைதா மாவைப் பிசைந்து ஊற வைத்தால் கிழியாமல் இழுபடுவது ஏன்? கீழே நாலு விடை. காற்று நிரம்புவதால். மாவில் உள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொள்வதால். சர்க்கரை கரைவதால். எண்ணெய் சூடாவதால்.

நான் அந்த வலையைக் கையால் தொட்டவன். இத்தனை வருடமாகத் தினமும் அதை இழுத்து, வீசி, விசிறி மாதிரி விரித்தவன். அதற்குப் புரதம் என்று பெயர் என்பது மட்டும்தான் எனக்குப் புதிது. ‘பி’ என்று முடிவு செய்து, குனிந்து பார்த்தால் அந்த எழுத்து எனக்கு நேராகத் தெரியும்படி, கட்டம் வெளிப்பக்கம் இருக்க, நெஞ்சோடு பிடித்தேன். மகள் கைபேசியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காட்டினாள். பலகையில் நம்பர்கள் வந்து விழுந்தன. பச்சை, பச்சை, பச்சை. பதினேழு மட்டும் சிவப்பு. பக்கத்தில் ‘டி’. எண்ணெய் சூடாவதால்.

பின்பெஞ்சில் ஒரு ஆள் சிரித்தான். “அண்ணாச்சி கடையில எண்ணெய் ஜாஸ்திதான், அதான் போட்டிருக்காவ” என்றான். வகுப்பே சிரித்தது.

“நான் பி-தான் சொன்னேன்” என்று எழுந்து நின்றேன்.

“வாப்பா, உங்களுக்கு நேராத் தெரியுத பி எங்களுக்குக் கீழ இருக்கு. அப்ப டி மேல வந்துருதுல்லா. மேல இருக்கதைத்தான் போன் படிக்கும்” என்றாள் மகள், மெதுவாக.

“நான்தான் வாயால சொல்லுதேன்லா, பின்ன அதுக்கு என்ன?”

“அது கேக்காது வாப்பா. பாக்க மட்டும்தான் செய்யும்.”

உட்கார்ந்தேன். மனிதன் வாய்விட்டுச் சொன்னாலும் கேட்காத ஒரு சாதனம் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்கிறது. அதைப் படித்தவர்கள் கைதட்டி வரவேற்கிறார்கள். அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல் இல்லை, பகை.

அந்தப் பகையோடு இருக்கும்போதுதான் பள்ளியிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. நிரந்தர இடம் ஒன்று. அதற்கு ஆட்கள் இரண்டு பேர்: என் மகளும், இன்னொரு தற்காலிக ஆசிரியரும். யாருக்கு என்பதை அவரவர் நடத்துகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆன்லைனில் கருத்துக் கேட்டு முடிவு செய்வார்களாம். இரண்டு டீச்சருக்கும் தனித்தனிக் கருத்துப் படிவம். வெள்ளிக்கிழமை திறந்து திங்கட்கிழமை மூடுவார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கிற கைபேசியில், பெயர் சொல்லாமல், ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட வேண்டும். குறை நிறை எழுத வேண்டும்.

பெயர் சொல்லாமல்! என் கடையில் குறை சொல்கிறவன் கல்லாவுக்கு முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவான். சொல்கிற திராணி அவனுக்கு இருக்க வேண்டும். கேட்கிற திராணி எனக்கு இருக்கிறது. இருட்டில் நின்று கல் எறிகிறவனை வைத்து என் மகளுக்கு வேலை முடிவு செய்வீர்களா? ஆனால் ஒன்று, ஓட்டு என்று வந்துவிட்டால் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாபாரிகள் சங்கத்தில் மூன்று தடவை நின்றவன், மூன்று தடவையும் ஜெயித்தவன். ஓட்டுப் பெட்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டுக் கேட்கப் போகிறவன்தான் ஜெயிப்பான்.

பிள்ளைகளைக் கூப்பிட வருகிறவர்கள் கைபேசியைக் காட்டிப் படிவத்தைத் திறந்துகொள்ளட்டும் என்று, பள்ளி வாசலில் ஒட்ட மகள் தன் படிவத்தின் சதுரக் குறியைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தாள். மேசையில் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று என் சட்டைப் பைக்குள் போனது.

சனிக்கிழமை கடையில் கல்லாக்காரர் கையில் கொடுத்தேன். அவர் என்னோடு முப்பது வருடம் இருக்கிற மனிதர். எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

“என்ன மொதலாளி, புது அக்கவுண்டா?”

“எம் மக ஓட்டு. தூணுல, துட்டு ஸ்கேன் பண்ணுத தாளுக்குப் பக்கத்துல ஒட்டும். நம்ம பயலுவ எல்லாரையும் வரிசையா வரச்சொல்லி அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லும். வழக்கமா வாரவுககிட்டயும் சொல்லும்.”

“பள்ளிக்கூடத்துல படிக்காதவங்க போடலாமா?”

“நாட்டுக்கே போடுதோம். பள்ளிக்கூடத்துக்குப் போடக்கூடாதா?”

அவர் ஒட்டிவிட்டார். சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால், நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், மாஸ்டர்கள் எல்லாரும் போட்டு முடித்தார்கள். வாடிக்கையாளர்களும் ஏழெட்டுப் பேர் போட்டார்கள். எனக்கு மனம் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லாக்காரருக்கு வடகரையில் ஒரு கல்யாணம். நானே கல்லாவில் உட்கார்ந்தேன். சாரல் பிடித்துக்கொண்ட ஞாயிறு. ஐந்தருவியிலும் மெயின் அருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது என்று சொல்லி ஊரெல்லாம் கார் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்று பார்த்து ஒரு மாஸ்டர் வரவில்லை. உட்கார இடமில்லாமல் ஆட்கள் தூணைச் சுற்றி நின்றார்கள். நின்றவர்கள் கைபேசியை எடுத்து அந்தத் தாளுக்கு நேராக நீட்டினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர். ஒரு குடும்பத்தில் தாயும் தகப்பனும் தனித்தனியாக நீட்டினார்கள். நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குள் என் மகளுக்கு இருக்கிற ஆதரவைப் பார்த்து, கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்தேன். இடைக்கிடை, “ஏலே, மூணாம் டேபிள் எத்தனை நேரமா காயுது, கண்ணு பொடதியிலயா இருக்கு?” என்று உள்ளே குரல் கொடுத்தேன். சீசனில் கடை நடத்துகிறவன் தாலாட்டா பாட முடியும்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகள் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அந்த நேரத்தில் அவள் வருவதே கிடையாது. கல்லாவில் நாலைந்து தாள்களை வைத்தாள்.

“படிங்க வாப்பா.”

கண்ணாடியை மாட்டினேன்.

“என் வகுப்பைப் பத்திப் பிள்ளைங்க எழுதுனதாம். ‘எலும்பு வேகவில்லை.’ எந்தப் பிள்ளை வாப்பா இப்படி எழுதும்?”

என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. “அது மூணாம் டேபிள்காரனாத்தான் இருக்கும். முறைச்சுக்கிட்டேதான் போனான்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அவள் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தாள். துட்டுத் தாளுக்குப் பக்கத்தில் அவளுடைய தாள் ஒட்டியிருந்தது.

நான் வாதாடினேன். குற்றம் என்னுடையது இல்லை, படிவத்தை எழுதியவனுடையது. அதில் மேலே, பள்ளியின் பெயருக்குப் பதிலாக ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. கீழே, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். பிறகு, வேகம் சரியாக இருந்ததா? கேட்டதற்கு உடனே பதில் கிடைத்ததா? எதை மாற்ற வேண்டும்? வகுப்பு என்ற சொல்லோ பாடம் என்ற சொல்லோ ஒரு இடத்திலும் இல்லை. பசியோடு நிற்கிறவன் அதைப் பார்த்தால் பரோட்டாவைப் பற்றித்தானே எழுதுவான்? இதை எழுதியவர் இரண்டு பட்டம் வாங்கியவராம்.

“வாப்பா” என்றாள். “வகுப்புல முப்பத்தெட்டுப் பேரு. வந்திருக்கது நூத்தி இருபதுக்கு மேல. சனிக்கிழமை வந்ததெல்லாம் அஞ்சு நட்சத்திரம். நானே வெளியில குடுத்துப் போடச் சொன்னேன்னு, வேலைக்கு ஆள் எடுக்குத கமிட்டியில பேசுதாங்க. எனக்கு அந்த வேலை கிடைக்கலன்னாகூடப் பரவாயில்ல. மோசடி பண்ணுனேன்னு பேரு வந்தா, நான் தென்காசியில எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்க முடியாது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் அவளோடு பள்ளிக்குப் போனேன். யாருக்கும் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். தலைமையாசிரியை அறையில் நின்றுகொண்டே சொன்னேன்: “நான்தான் கடையில ஒட்டுனேன். இவளுக்குத் தெரியாது. இவ மேல ஒரு சொல்லு வரக்கூடாது.”

அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. “நல்லது ஐயா. அப்ப ஒரு உதவி பண்ணுங்க. இதுல எது பிள்ளைங்க எழுதினது, எது உங்க கடையில எழுதினதுன்னு நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க. கமிட்டியில நான் காட்டணும்” என்று ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே தேதியும் நேரமும் இருந்தது.

இப்படித்தான், ஆறாம் வகுப்போடு நின்ற நான், ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மேசையில் உட்கார்ந்து தாள் திருத்தினேன். திருத்தினதெல்லாம் என் கடையைப் பற்றி எழுதியது.

“‘சால்னா காரம் அதிகம், குழந்தை சாப்பிடவில்லை.’ இது நம்ம கடை.” ஒரு கோடு. “‘கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை.’ நம்ம கடை.” ஒரு கோடு. “‘நாட்டுக்கோழி அருமை.’ நம்ம கடை.” இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். “‘முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.’ நம்ம கடை. அன்னைக்கு மாஸ்டர் வரல அம்மா.”

“அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம் ஐயா. கோடு மட்டும் போடுங்க.”

அடுத்ததைப் படிக்க ஆரம்பித்து நிறுத்தினேன். மகள் எட்டிப் பார்த்து அவளே படித்தாள். “‘கல்லாவில் இருக்கும் பெரியவர் வேலைக்காரர்களை எல்லார் முன்னாலும் நாயைப் போல் திட்டுகிறார். சாப்பாடு இறங்கவில்லை.’” நான் கோடு போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. எழுதியவன் என் முன்னால் வந்து சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்து மணி வரை வந்தவை வெறும் நட்சத்திரங்கள். எழுத்து எதுவும் இல்லை.

“அந்த ஒரு மணி நேரம் பூரா என் ஆளுவதான்” என்றேன்.

“அப்ப மொத்தமா அடிச்சிரலாம்” என்றார் தலைமையாசிரியை.

“மேடம், அந்த நேரத்துல என் பிள்ளைங்களும் போட்டிருக்கும்” என்றாள் மகள். “சனிக்கிழமை சாயங்காலம்தான் நிறையப் பிள்ளைங்களுக்கு வீட்டுல போன் கையில கிடைக்கும்.”

“இருக்கலாம்மா. எது அதுன்னு எப்படிச் சொல்ல? பேர் இல்லையே.”

நான் என்னவோ பெரிய உபகாரம் செய்கிறேன் என்று ஒட்டிய தாள், அவள் நியாயமாகச் சம்பாதித்த நட்சத்திரங்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. அந்த ஒரு மணி நேரத்தின்மேல் தலைமையாசிரியை குறுக்காகக் கோடு போட்டார். மகள் அதைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தாள்.

மிச்சம் இருந்தவை பிள்ளைகளுடையவை. படித்தால் தெரிந்தது. அட்டையைத் தூக்குவது பிடித்திருக்கிறது. தப்பாகச் சொன்னாலும் டீச்சர் பெயரைச் சொல்லிக் காட்டுவதில்லை. எனக்குப் புரியாதது வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தெரிந்தபோது பயம் போய்விட்டது. இப்படி எழுதியிருந்தார்கள். கடைசித் தாளில் கடைசியாக ஒன்று, ஒரே ஒரு நட்சத்திரம். ‘சத்தம் போடுகிறார்கள். பயமாக இருக்கிறது. சந்தேகம் இருந்தாலும் கேட்கத் தோன்றாது.’

தலைமையாசிரியை கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இன்னொரு ஆசிரியருக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு நூல்தான் வித்தியாசம் என்று அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. அந்த ஒற்றை நட்சத்திரம் இருந்தால் நூல் அந்தப் பக்கம். இல்லாவிட்டால் இந்தப் பக்கம்.

“இது ஐயா?” என்று அதன்மேல் விரலை வைத்தார்.

“அதுவும் என் கடைதான்” என்றேன். சத்தம் போடுகிறவன் நான் என்று இப்போதுதானே எழுத்தில் வந்திருக்கிறது. இதையும் என் தலையில் ஏற்றிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? பேனாவைக் கொண்டுபோனேன்.

மகள் என் கையைப் பிடித்தாள்.

“நேரம் பாருங்க வாப்பா. திங்கட்கிழமை காலையில ஏழு மணி. நம்ம கடை பன்னெண்டு மணிக்குத்தான் திறக்கும்.” தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னாள்: “மேடம், அது என் வகுப்பு. அதை அடிக்காதீங்க.”

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் நான் கத்தினேன். அதை மறைக்கப் போவதில்லை. “வாயை மூடிட்டு இருந்தா அது நம்ம கையில இருந்திருக்கும்லா? நானே என் மேல போட்டுக்குதேன்னு சொல்லுதேன், உனக்கு என்னட்டி வலிக்குது?”

“அந்தப் பிள்ளைக்கு வலிச்சிருக்கு. அதான் எழுதியிருக்கு.”

“யாரு அது? பின்பெஞ்சுக்காரனா?”

“தெரியாது. தெரியாம இருக்கதுதான் நல்லது. தெரிஞ்சா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன செய்வேன்?”

“கடைக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பரோட்டா போட்டுக் குடுத்து, அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லுவீங்க.”

டிரைவர் சிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் வைப்பரைத் தட்டிவிட்டான். அப்போது சாரல்கூட இல்லை.

கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி நேராகத் தூணுக்குப் போய், நகத்தால் தாளைப் பிய்க்க ஆரம்பித்தாள். கல்லாக்காரர் நல்ல பசை போட்டிருந்தார். பாதி வந்தது, பாதி வரவில்லை. பரிமாறுகிறவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். என் மகள் நகம் உடைய ஒரு தாளைச் சுரண்டுகிறாள், எட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

“ஏலே, என்னல பாத்துட்டு நிக்கிய? வெந்நி கொண்டாலே!” என்று சத்தம் போட்டேன். எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருவன் ஓடியே போனான்.

மகள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெந்நீர் வந்ததும் வாங்கித் தாளில் ஊற்றி, மீதியையும் உரித்து எடுத்தாள்.

மோசடி எதுவும் இல்லை என்று கமிட்டியில் எழுதிவிட்டார்கள். இடம் அந்த இன்னொரு ஆசிரியருக்குப் போனது. என் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் தற்காலிகம். நானாக இருந்தால் அந்தப் பள்ளியை அன்றே உதறியிருப்பேன். அவள் மறுநாளும் அதே நேரத்துக்கு, அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அன்று பாடமே இல்லையாம், ஒரே ஒரு கேள்வியாம். அடுக்களையில் தன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ‘வகுப்பில் நான் சத்தம் போடும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ நாலு விடை. பிள்ளைகள் அட்டையைத் தூக்கினார்களாம். இவள் கைபேசியைக் காட்டினாளாம்.

“எத்தனை பேரு பயம்னாங்க?” என்று இங்கிருந்தே கேட்டேன்.

“அது வகுப்புக்குள்ள உள்ளது வாப்பா.”

இன்னொரு தடவை கேட்டேன். சொல்லவில்லை. பெற்ற தகப்பனுக்குச் சொல்லாத கணக்கை அந்தக் கைபேசிக்குச் சொல்கிறார்கள். மனிதன் வாயைத் திறந்து சொன்னதைக் கேட்காத அந்தச் சாதனத்தை நான் இன்றும் ஒரு துரும்பாக மதிக்கவில்லை. என் கடைத் தூணில் துட்டு வாங்குகிற தாளைத் தவிர வேறு எந்தச் சதுரமும் ஒட்ட விடுவதில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“அந்தப் பதினேழாம் நம்பர் அட்டை இப்ப யாருகிட்டட்டி இருக்கு?”

அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மாதத்தில் அன்றுதான் சிரித்தாள்.

“நேராப் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு பிள்ளைகிட்ட இருக்கு வாப்பா.”